இ-சிம்முக்குப் பரஸ்தானம்

பெரியம்மாவின் விமானம் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறது என்று தெரிந்த அன்றே மந்தைவெளி வீட்டில் பிரச்சினை ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். அன்று அந்தத் திசையில் பயணம் தொடங்கக் கூடாது. ஜெர்மனியோ மேற்கேதான் இருக்கிறது.

"டிக்கெட்டை வேற நாளைக்கு மாத்தச் சொல்லேன்" என்றார் பெரியப்பா.

"மாத்தறதுக்கு அதென்ன ஆட்டோவா? நாளைக்கு வாப்பான்னு சொன்னா வருமா?" என்றாள் பெரியம்மா.

என் அக்காவுக்கு, அதாவது பெரியம்மாவின் ஒரே பெண்ணுக்கு, அங்கே நிறைமாதம். மாப்பிள்ளையைத் தவிர பக்கத்தில் யாரும் இல்லை. பெரியம்மா மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறவள். பல வருடமாக ஒரு நாள் கூட வகுப்பை நிறுத்தாதவள், மூன்று மாதம் விடுமுறை என்று எல்லா அம்மாக்களுக்கும் சொல்லிவிட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில்தான். "அவளுக்கு வலி எடுக்கறச்சே நான் பக்கத்துல நிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் நேக்கு."

அந்தப் பயணத்தில் என் பங்கு போன். எங்கள் குடும்பத்தில் போன் சம்பந்தப்பட்ட எதுவானாலும் என்னிடம்தான் வரும். படம் திறக்கவில்லை, ரிங்டோன் காணாமல் போய்விட்டது, யாரோ கன்னடத்தில் பேசுகிறார்கள், எல்லாம். அப்போது நான் இ-சிம் பைத்தியமாக இருந்தேன். ஆபீஸ் வேலையாக ஒரே ஒரு தடவை சிங்கப்பூர் போனபோது அதைப் பயன்படுத்தியிருந்தேன். அந்த ஒரு பயணத்தை வைத்துக்கொண்டு, உலகத்தில் உள்ள எல்லா விமான நிலையத்திலும் இறங்கி ஏறியவள் போலப் பேசிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பாவுக்குத் தெரிந்த ஒரு கடை தி. நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் இருந்தது. வெளிநாடு போகிறவர்களுக்கு அந்தந்த ஊர் சிம் கார்டை அட்டையோடு விற்பார்கள். மூன்று பேரும் போனோம். கடைக்காரர் ஐரோப்பா முழுக்கச் செல்லும் என்று ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார். பெரியம்மா அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இது நன்னாருக்கே. கையில புடிச்சுக்கலாம்" என்றாள்.

நான் விடவில்லை. "பெரியம்மா, உன் போன்ல ஒரு சிம்முக்குத்தான் இடம். இதைப் போடணும்னா நம்ம ஊர் சிம்மைக் கழட்டணும். கழட்டினா அது எங்கே போகும் தெரியுமா? முதல்ல கைப்பைக்குள்ள, அப்புறம் குங்குமச் சிமிழுக்குள்ள, அப்புறம் குப்பைக்கு. இ-சிம்முக்கு அந்தத் தொல்லையே இல்லை. போனுக்குள்ளேயே அதுக்கு இடம் இருக்கு. ஒரு கியூஆர் கட்டத்தைக் கேமராவால காட்டினா முடிஞ்சுது."

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். கடைக்காரருக்கு ரோஷம் வந்தது. "இன்னா பாப்பா, கண்ணுக்கே தெரியாத சிம்மு இன்னாத்துக்கு? பொகை மாதிரி கீது. வயசானவங்களுக்குத் தொட்டுப் பாக்கற மாதிரி ஒண்ணு வாங்கிக் குடு."

"இன்னும் ரெண்டு வருஷத்துல இந்தத் துண்டையெல்லாம் மியூசியத்துல வைப்பாங்க, அண்ணா."

"அப்ப நீயே கடைய பாத்துக்கோ பாப்பா. நான் வூட்டுக்குப் போறேன்."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். பெரியம்மா அந்தப் பாக்கெட்டைக் கண்ணாடி மேஜை மீது மெதுவாக வைத்தாள். அட்டை நேராக இருக்கும்படி விரலால் ஒரு தடவை சரிசெய்தாள். அந்த விரலை அன்று பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பின்னால்தான் நினைவுக்கு வந்தது. இப்போது அடிக்கடி வருகிறது.

சூலத்துக்கு வழி பஞ்சாங்கத்திலேயே இருந்தது. பரஸ்தானம். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாள் பார்த்து, பயணப் பையில் ஒன்றை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை போனால் ஆளும் போன மாதிரி. அப்புறம் விமானம் எந்த நாளில் பறந்தால் என்ன?

புதன்கிழமை காலை நல்ல நேரத்தில், இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டுக்குப் பெரியம்மா வந்தாள். கையில் ஒரு துணிப்பை. உள்ளே ஒரு புடவை, ரவிக்கை, மஞ்சள் கிழங்கு. அம்மா அதை வாங்கி சுவாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து லேப்டாப்பில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

"ஏன் பெரியம்மா, பை மட்டும் கிளம்பினாப் போறுமா? உன் சிம்மும் மேற்கேதானே போகப்போறது? அதுக்கும் பரஸ்தானம் வெச்சுடலாமா?"

அம்மா என்னை முறைத்தாள். கேலி அவளுக்குப் புரிந்துவிட்டது. பெரியம்மாவுக்குப் புரியவில்லை. அவள் முகம் சட்டென்று மலர்ந்தது.

"நெஜமாவா? அப்படிப் பண்ணலாமா? நேக்கு இது தோணவே இல்லை பாரேன்! இந்தக் காலத்துக் கொழந்தைக்குத் தோணித்து பாரு!" என்று அம்மாவிடம் சொன்னாள்.

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, விளையாட்டுக்குச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லவும் தோன்றவில்லை. எனக்கு அது இன்னும் வேடிக்கையாகத்தான் இருந்தது. போனை வாங்கினேன். முதல் நாளே வாங்கி வைத்திருந்த இ-சிம், மூன்று நாள் திட்டம். போய்ச் சேர்ந்த மறுநாளே மாப்பிள்ளை அந்த ஊர் சிம் வாங்கித் தந்துவிடுவார், அதற்கு மேல் எதற்கு என்பது என் கெட்டிக்காரத்தனம். அந்த ஊர் டவரைப் பிடித்த பிறகுதான் நாள் ஓட ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். சிங்கப்பூரில் அப்படித்தான் இருந்தது.

நல்ல நேரத்துக்குள் ஸ்கேன் செய்து முடித்தேன். பெரியம்மா போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் உடனே சிநேகிதர்கள் குழுவில் எழுதினேன்: "மச்சி, எங்க வீட்ல இ-சிம்முக்கே நல்ல நேரம் பாத்தாச்சு." சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

சனிக்கிழமை அவளுக்குப் பாடம் எடுத்தேன். "ஏர்போர்ட் வைஃபை பக்கமே போகாதே. எல்லாம் திருட்டுப் பசங்க. போனை யார்கிட்டயும் குடுக்காதே. இறங்கினதும் டவர் வரல்லைன்னா பதறாதே. போனை அணைச்சுப் போடு. சில சமயம் டைம் எடுக்கும். காத்துண்டிரு, தானா வரும்." ரோமிங் வேண்டுமா என்று பெரியப்பா கேட்டதற்கு, தண்டம் என்றேன். பெரியம்மா நான் சொன்னதைத் தன் மாணவிகள் சரளி வரிசை பாடுவது போலத் திருப்பிச் சொன்னாள். வைஃபை வேண்டாம். யார்கிட்டயும் குடுக்காதே. அணைச்சுப் போடு. காத்துண்டிரு. ஒரு இடத்திலும் பிசகவில்லை.

அதே நேரம் பெரியப்பா தரையில் உட்கார்ந்து, பிரசவ மருந்தும் நார்த்தங்காயும் அடைத்த அட்டைப்பெட்டியின் நாலு பக்கமும் மார்க்கரால் அக்கா பேர், விலாசம், போன் நம்பர் எல்லாம் கொட்டை கொட்டையாக எழுதிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, இது பெட்டியா, தேர்தல் சுவரா?" என்றேன்.

"உனக்குச் சிரிப்பா இருக்கா? இரு, ஒரு பக்கம் காயல்லை, கையை வெக்காதே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவளை வழியனுப்பினோம். மறுநாள் சாயங்காலம் குடும்பக் குழுவில் படம் வந்தது. பெரியம்மா மடியில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சின்ன முகம். பெண் குழந்தை. விமானம் பறந்துகொண்டிருந்தபோதே அக்காவுக்கு வலி கண்டிருக்கிறது. பின்னாலேயே பெரியம்மாவின் குரல் வந்தது. "இறங்கினேன், டவர் வந்துடுத்து. மாப்பிள்ளை மெசேஜ் பாத்தேன். நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். என் கையைப் புடிச்சுண்டுதான் பெத்தா. எல்லாம் என் தங்கை பொண்ணு போட்டுக் குடுத்த சிம்."

அம்மா அழுதாள். பெரியப்பா எங்கள் வீட்டுக்கு நடந்து வந்து, வாசலிலேயே நின்று எனக்கு ஒரு சாக்லேட் தந்தார். எனக்கு வயது இருபத்து நான்கு. வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் புகழ் பரவிய விதத்தைச் சொல்லவே கூசுகிறது. காலை நடைப்பயிற்சியில், கோயில் பிரகாரத்தில், காய்கறிக்காரரிடம் என்று ஓரிடம் விடாமல் பெரியப்பா சொன்னார். அடையாறிலிருந்து ஒரு மாமி கூப்பிட்டாள், பையனைப் பார்க்க அமெரிக்கா போகிறாளாம். பாலவாக்கத்திலிருந்து ஒரு குடும்பம், பாலிக்குச் சுற்றுலா. நான் எல்லோருக்கும் இ-சிம் பற்றிப் பாடம் எடுத்தேன். பிளாஸ்டிக் சிம்மே போதுமே என்று இழுத்த ஒரு மாமாவிடம், "அதெல்லாம் போன தலைமுறை, மாமா" என்றேன். பேச்சின் நடுவே, "எங்க பெரியம்மா கேஸையே எடுத்துக்கோங்களேன்" என்று ஆரம்பிப்பேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், அடையாறில் ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்திருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"என்னடி சிம் டாக்டர், வியாபாரம் ஜோரா? அப்பா இங்கே கூப்பிட்டுச் சொல்றார், பாலவாக்கம் வரைக்கும் கிளை தொறந்துட்டியாமே."

"உங்கம்மா புண்ணியம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அதைத்தான் சொல்லணும்னு கூப்பிட்டேன். அம்மா சொல்லாதேன்னா. அதை வெச்சுண்டு நீ ஊருக்கெல்லாம் போட்டுக் குடுக்கறேன்னு கேட்டதும் சொல்லாம இருக்க முடியல்லை. அம்மாவுக்கு அன்னிக்கு டவரே வரல்லைடி" என்றாள்.

கையிலிருந்த கண்ணாடி டம்ளரை மேஜையில் வைத்தேன்.

"இவர் என்கூட ஆஸ்பத்திரில மாட்டிண்டார். தன்னோட வேலை பண்றவரை ஏர்போர்ட்டுக்கு அனுப்பினார். எந்த வாசல்ல நிக்கறார், என்ன கலர் சட்டை, எல்லாம் அம்மாவுக்கு மெசேஜ் போட்டார். ஒண்ணுமே போய்ச் சேரல்லை. அவர் ஒரு வாசல்ல, அம்மா இன்னொரு வாசல்ல. அம்மா என்ன பண்ணினா தெரியுமோ? போனை அணைச்சு அணைச்சுப் போட்டுண்டிருந்தா."

"வைஃபை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"அதான் திருட்டுப் பசங்கன்னு நீ சொல்லிட்டியே! கேளு இன்னும். பக்கத்துலயே பெட்டி. பெட்டி மேல நாலு பக்கமும் என் நம்பர். ஒரு இலங்கைத் தமிழ்ப் பொண்ணு அதைப் பாத்துட்டு, 'அம்மா, இந்த நம்பருக்கு நான் எடுத்துப் பார்க்கட்டுமா?'ன்னு கேட்டிருக்கா. இவ வேண்டாம்னுட்டா. எங்காத்துக் கொழந்தை சொல்லியிருக்கா, டைம் எடுக்கும், தானா வரும்னு."

அக்கா இப்போது சிரித்தாள். ஆனால் அது வேறு மாதிரியான சிரிப்பு.

"அந்தப் பொண்ணு போய் யாரையோ பாத்துட்டுத் திரும்பி வரா, அம்மா அங்கேயே நிக்கறா. அப்புறம் அவ கேக்கவே இல்லை. பெட்டியைப் பாத்து அவளே நம்பரைப் போட்டுட்டா, இவர்தான் எடுத்தார். அம்மா இங்கே வந்து சேரறதுக்குள்ள கொழந்தை பொறந்து, என்னை ரூமுக்கு மாத்தியாச்சு. உள்ளே வந்ததும் முதல்ல என்ன கேட்டா சொல்லு?"

டம்ளரைச் சுற்றி மேஜையில் படிந்த ஈரத்தை விரலால் துடைத்தேன்.

"'டவர் வந்துடுத்தா பாருடி, நான் சரியா அணைச்சுப் போடல்லையோ?'ன்னு கேட்டா. கொழந்தையை அப்புறம்தான் பாத்தா."

ஜூஸ் கடையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் அக்கா தொடர்ந்தாள்.

"இவர்தான் போனை வாங்கிப் பாத்தார். அந்தத் திட்டம் சனிக்கிழமையே முடிஞ்சுடுத்தாம். போட்ட நிமிஷத்துலேர்ந்தே நாள் ஓடியிருக்கு. அன்னிலேர்ந்து அம்மா தன்னைத்தான் திட்டிக்கறா. 'நான்தான் பரஸ்தானம் வெக்கணும்னு அவசரப்படுத்தினேன். இல்லைன்னா அவ சரியாத்தான் பண்ணியிருப்பா. அப்பாகிட்ட சொல்லாதே, கொழந்தையைத் திட்டுவார்'னு."

அவசரப்படுத்தியது அவளில்லை, நான் கேலியாகச் சொன்னது என்று அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். உள்ளே குழந்தை அழுதது. "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

வாங்கியபோது வந்த மின்னஞ்சலை அங்கேயே தேடித் திறந்தேன். பொடி எழுத்தாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மேலேயே, சாதாரண எழுத்தில், போனில் நிறுவிய நேரத்திலிருந்து மூன்று நாள் என்று இருந்தது. படிக்கிற எவருக்கும் புரியும். வெளியே பஸ் ஏறாமல் நடந்தேன். மூக்கு நுனிவரை சூடாக இருந்தது. அடையாறு மாமிக்கும் பாலவாக்கம் குடும்பத்துக்கும் கூப்பிட்டு, நான் வாங்கித் தந்தவற்றில் நாள் எப்போது ஆரம்பிக்கிறது என்று பார்த்துச் சொன்னேன். அவர்கள், "எவ்வளவு பொறுப்பு பாரு" என்றார்கள்.

பெரியப்பாவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். என் முட்டாள்தனத்தைச் சொன்னால், பெரியம்மா பிரசவத்தின்போது அங்கே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பெற்றாள் என்று ஊருக்கே சொல்லிவிட்டாளே. மூன்று மாத விடுமுறையும், அந்த ஒரே ஆசையும். அது நடக்கவில்லை என்று அவள் புருஷனிடம் சொல்ல நான் யார்? அந்தப் பொய்யை அவளிடமிருந்து பிடுங்கித்தான் என் மனதை லேசாக்கிக்கொள்ள வேண்டும் என்றால், கனமாகவே இருக்கட்டும் என்று தோன்றியது. சொல்லாமல் இருப்பதற்கு நான் கண்டுபிடித்த சாக்கோ என்றும் தோன்றியது. இன்றுவரை எது சரி என்று தெரியவில்லை.

பெரியம்மாவைத் திரும்ப அழைத்து வரப் பெரியப்பா கிளம்ப வேண்டிய நேரம் வந்தது. உற்சாகமாக வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க பெரியம்மாவுக்குப் போட்ட மாதிரியே எனக்கும் போட்டுடு. புதன்கிழமை நல்ல நேரம் பாத்து வெச்சுட்டேன். பையையும் இங்கேயே வெச்சுடறேன்."

"வேண்டாம் பெரியப்பா. தி. நகர் கடையிலேயே சிம் வாங்கிடலாம்."

"ஏன்? அது நன்னா வேலை செஞ்சுதே!"

நான் இ-சிம்மை வெறுத்துவிடவில்லை. ஒழுங்காகப் படித்து வாங்கினால் அவருக்கும் அது போதும். ஆனால் இன்னொரு முறை அதே கையால், அதே புதன்கிழமை, அதே சோபாவில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்ய என்னால் முடியாது. "உங்க போனுக்கு அது சேராது, பெரியப்பா" என்றேன். சேரும்.

கடைக்காரர் என்னை மறக்கவில்லை. "இன்னா பாப்பா, மியூசியத்துக்கு வந்துகீறே? அந்தப் பொகை சிம்மு இன்னா ஆச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டார். "அப்படிச் சொல்லாதீங்கோ. அது பிரமாதமா வேலை செஞ்சுது. அதனாலதான் என் ஆத்துக்காரி கொழந்தை பொறக்கறச்சே பக்கத்துல நின்னா. எல்லாம் இவளாலதான்."

"அப்ப இங்க இன்னாத்துக்கு சார் வந்தீங்க?"

பெரியப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "என் போன்தான் பழசு. அதுக்குச் சேராதாம்" என்றார். பையிலிருந்து எடுக்கப்போன போனைப் பாதியிலேயே உள்ளே தள்ளினார். நான் கண்ணாடி மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பு பெரியம்மா அட்டையை நேராக்கி வைத்த இடம். அவளைத்தான் ஏமாற்றினேன் என்றால் இப்போது இவரையும் அவர் போனுக்காகக் கூனிக்குறுக வைத்தாயிற்று.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் பெரியப்பா வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். பெரியம்மா வீடியோவில் வந்தாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, உன் தங்கை பொண்ணு ஓரவஞ்சனை பண்றா" என்று பெரியப்பா முறையிட்டார். "உனக்கு மட்டும் புது மாதிரி சிம், எனக்குப் பழைய பிளாஸ்டிக். என் போனுக்குச் சேராதாம்."

பெரியம்மா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவது நின்றது. திரையில் அவள் பார்வை பெரியப்பாவைத் தாண்டி, பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த என்மேல் வந்து நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் பெரியம்மா.

திட்டியிருக்கலாம். அக்கா மாதிரி சிரித்திருக்கலாம். தட்டுவது மறுபடி ஆரம்பித்தது.

"பெட்டி மேல நம்பர் எழுதியாச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லை. எழுதணும்."

"நீங்க எழுதாதேங்கோ. அவளை எழுதச் சொல்லுங்கோ."

பெரியப்பா மார்க்கரை என்னிடம் நீட்டினார். எழுதினேன். அக்கா பேர், விலாசம், நம்பர். நாலு பக்கமும் எழுதி முடித்துவிட்டு மேல் பக்கத்திலும் எழுதினேன். பெட்டியைப் புரட்டி அடியில் எழுத ஆரம்பித்தபோது பெரியப்பா, "அங்கே எவன்டி பாக்கப் போறான்?" என்றார்.

"எழுதட்டும், விடுங்கோ" என்றது போனிலிருந்து பெரியம்மாவின் குரல். "அழுத்தி எழுதுடி. அழிஞ்சுடப் போறது."